கசற் பெட்டிக்கு ஒரு தலைப்பு

“அந்தச் சொல்லுக்குக் கீழதான் வைப்பீங்க எண்டா பெட்டியைத் தாங்க மகள். நான் கொண்டு போறன்.”

நூர்ஜஹான் ரீச்சர் பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

உள்ளே, அவருடைய கணவர் ஜுனைதீன் இறப்பதற்கு முன் பதிவுசெய்துவைத்த ஒலிநாடாக் கசற்றுகள். ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறில், போராளி இயக்கம் மன்னார்த் தீவைவிட்டுப் போகச் சொன்ன முஸ்லிம்களின் குரல்கள். வேறு பிரதி இல்லை.

கல்லூரி நூலகர் அன்ரோனெற் கணினியில் பொருள் தலைப்பாக ‘இடம்பெயர்வு’ என்று தட்டியிருந்தாள்.

“யுத்தக் கதையெல்லாம் இந்தத் தலைப்புக்குள்ளதான் ரீச்சர் கிடக்கு. பொடியள் தேடுறதும் இந்தச் சொல்லைத்தான். வேறை சொல்லைப் போட்டால் ஒருத்தருக்கும் அகப்படாது.”

“அகப்படாட்டிப் பரவாயில்ல.”

“நாங்களும் இடம்பெயர்ந்தனாங்கள்தானே.”

“நீங்க ஷெல்லுக்குப் பயந்து ஓடினீங்க. எங்களுக்கு ஒருத்தரும் ஷெல் அடிக்கல்ல. வாசல்ல வந்து நிண்டு, போ எண்டாங்க.”

வாசித்துக்கொண்டிருந்த மாணவர்கள் நிமிர்ந்தார்கள்.

“பேசாலையில மீன் விக்கிறவகூட சூடை மீனையும் கீரி மீனையும் ஒரே குவியலில போடமாட்டா. படிச்ச பிள்ளை, நீங்க போடுறீங்க.”

யாரோ சிரித்தார்கள். அன்ரோனெற் சிரிக்கவில்லை.

பெட்டி மேசை விளிம்புக்கு நகர்ந்தது.

“நில்லுங்கோ.”

பழைய சொல்லை அழித்தாள். ‘பலவந்த வெளியேற்றம்’ என்று தட்டினாள். ‘இடம்பெயர்வு’ என்று தேடுகிறவர்களுக்கும் ‘இதையும் பார்க்க’ என்று காட்டும்படி இணைத்தாள். திரையை ரீச்சர் பக்கம் திருப்பினாள்.

ரீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகுதான் கையை எடுத்தார்.

அடுத்தது, பேசியவர்களின் பெயர். ரீச்சர் சொல்லச் சொல்ல அன்ரோனெற் பதிந்தாள். ஒரு கசற்றில் மட்டும் பெயர் இல்லை. ‘கோயிலடி, பச்சைக் கேற் வீடு’ என்று எழுதியிருந்தது.

“இவ எங்கட ஆள் இல்ல. வேதக்கார அம்மா ஒராள், மாதா கோயிலுக்குப் போறவ. நாங்க போகக்குள்ள கேற்றுக்குள்ள நிண்டு பாத்தவவாம். ‘ஏனெண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லையே’ எண்டு சொல்லிச் சொல்லி அழுதவவாம். பேர் மட்டும் சொல்லமாட்டன் எண்டுட்டாவாம். பேரில்லாமலே போடுங்க.”

அன்ரோனெற்றின் விரல்கள் நின்றுவிட்டன.

கசற்றைப் போட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை; கோயிலடியில் பச்சைக் கேற் வீடு ஒன்றுதான்.

“பேர் எனக்குத் தெரியும் ரீச்சர். அவ போன வருசம் காலமாகிட்டா.”

வெறுமையாகக் கிடந்த கட்டத்தில், தன் அம்மாவின் பெயரைத் தட்டினாள்.