மூடி வேண்டாம்

எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பவளங்களுக்குத் தட்டைப்புழு வந்துவிட்டது. என் கணவர் பவளங்களை ஒவ்வொன்றாக எடுத்து மருந்துத் தண்ணீரில் முக்கி, பழைய டூத் பிரஷால் தேய்த்துப் பார்த்தார். புழுக்கள் உதிர்ந்தன, மறுநாளே திரும்ப வந்தன.

"இன்ஸ்பெக்டர் இருந்திருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பார்" என்றேன்.

இன்ஸ்பெக்டர், வாலோரம் கிழிந்த எங்கள் மஞ்சள் மீன். பவளம் பவளமாகச் சோதனை போட்டுப் புழு தின்பார். விளக்கை அணைத்ததும் வெள்ளை மணலுக்குள் புதைந்து தூங்குவார். தொட்டிக்கு மூடி வாங்குங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், இவர் கேட்கவில்லை. போன மாதம் இன்ஸ்பெக்டர் துள்ளி வெளியே விழுந்து செத்துப்போனார். பால்கனியில் ரோஜாச் செடியடியில் புதைத்தோம்.

இன்று காலை மகள் போட்ட கூச்சலில் இருவரும் ஓடினோம். பவளங்கள் பூப்பூவாக விரிந்திருந்தன. மருந்துக்குக்கூட ஒரு புழு இல்லை. நடுவே, வாலோரம் கிழிந்த அதே மஞ்சள் மீன் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"டூட்டில சேர்ந்துட்டார்மா!" என்று மகள் குதித்தாள். இவர் அவளைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஆடினார்.

சாயங்காலம் இவர் புது மூடியோடு வந்து நின்றார்.

"வேண்டாங்க" என்றேன்.

"இதுக்குத்தானேம்மா என் உயிரை வாங்கினே?"

இன்ஸ்பெக்டர் தூங்கும் இடத்தைக் காட்டினேன். அங்கே வெள்ளை மணல்மேல் ரோஜாச் செடியின் செம்மண் கொஞ்சம் கிடந்தது.

"போக வர வழி வேணும்ல?"