முழங்கால் வீடியோ

வாலிபால் ஆடும்போது என் முழங்கால் சில்லு விலகியது. மறுபடி மைதானத்தில் இறங்க வேண்டும் என்று மூன்று மாதமாகப் பயிற்சி செய்தேன். அம்மா அதைக் கைபேசியில் வீடியோ எடுப்பாள்.

“டாக்டர் கேக்கறாங்க மதி. இன்னைக்குக் கைய ஊனாம மாடிப்படி ஏறணுமாம்.”

ஏறினேன். மறுநாள் தண்ணீர்க் குடத்தோடு நடக்கச் சொன்னாள். நடந்தேன்.

“இன்னைக்குத் தரையில குந்தி எந்திரிக்கணுமாம். புடவை கட்டிக்க.”

“எக்சர்சைஸுக்குப் புடவை எதுக்கும்மா?”

“சொன்னதச் செய்யேன்.”

பத்தாவது முறை எழும்போது சில்லு மறுபடி விலகியது.

தஞ்சாவூரில் டாக்டருக்குக் கோபம். “யாரும்மா உன்னைக் குந்தச் சொன்னது? இனி ஆறு மாசத்துக்கு மைதானத்தை மறந்துடு.”

“நீங்கதானே சார்? வீடியோகூட அனுப்பினோமே.”

“எனக்கு எந்த வீடியோவும் வரல.”

அம்மா தரையைப் பார்த்தாள். “திருவிடைமருதூர் வரன் வந்துதுல்ல. மாப்பிள்ளையோட அம்மாதான் கேட்டாங்க. வீட்டு வேலைக்குக் கால் தாங்குமான்னு பாக்கணுமாம்.”

கைபேசியைப் பிடுங்கினேன். கடைசி வீடியோவுக்குக் கீழே அந்த அம்மாளின் செய்தி: ‘நடக்கறதப் பின்னாலேருந்து ஒண்ணு எடுத்து அனுப்புங்க. எல்லாரும் பாக்கணுங்கறாங்க.’

அங்கேயே பதில் அனுப்பினேன்.

‘முதல்ல உங்க மகன் தோப்புக்கரணம் போடற வீடியோவ அனுப்புங்க. எங்க வீட்லயும் எல்லாரும் பாக்கணுங்கறாங்க.’