நாற்பது ஷீட்டும் ஒரு இரும்பு ஸ்கேலும்

பளார்!

முப்பத்தொன்பதாவது அடி. இரும்பு ஸ்கேல் ஆமையின் வலது கையில் இறங்கிய சத்தத்தில், ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறாக்கள் ஊரையே காலி செய்துகொண்டு பறந்தன.

அடித்தவனுக்கு ஆபீஸே அன்றைக்கு வைத்த பேர் கரடி. மலையைப் பிடித்துச் சட்டைக்குள் திணித்தது போல இருந்தான். காலையில் ஆமையின் பின்னாலேயே உள்ளே வந்து, அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டவன்தான். அப்போதிலிருந்து அடி, அடி, அடி!

எதிர் மேஜை அக்காவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரில் கட்டடப் படம் வரையும் அந்த ஆபீஸில் அவள்தான் எல்லோருக்கும் சீனியர். ஆமைக்கு அந்தப் பேரை வைத்த புண்ணியவதியும் அவள்தான். ஒரு கோடு போட வேண்டுமென்றால், மவுஸைத் திரையின் உச்சிக்கு ஓட்டி, அங்கே இருக்கும் நூறு பொத்தானில் கோட்டுப் பொத்தானைத் தேடுவான். அவன் கண்டுபிடிப்பதற்குள் நிஜக் கட்டடத்தையே கட்டிக் குடியேறிவிடலாம்.

"கீ போர்டுல 'எல்'லைத் தட்டினா கோடு வந்துட்டுப் போகுது. எத்தனை தடவைடா சொல்றது?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

"தெரியும்க்கா. கைதான் சொன்ன பேச்சு கேக்காம மேல ஓடுது."

நேற்று முதலாளி ஆமையைப் பார்த்துக் கூரை பிய்ந்துபோகக் கத்தியிருந்தார். "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாப்பது ஷீட் படமும் என் மேஜையில இருக்கணும். இல்லே, உனக்கு இங்கே வேலை இல்லே!"

இன்றைக்குக் கரடி வந்து உட்கார்ந்திருக்கிறான். யார் ஏவிய ஆள் என்று சொல்லவும் வேண்டுமா?

"மேல போகாதே!" பளார்!

"ஐயோ!" ஆமையின் இடது கை கீ போர்டில் பாய்ந்தது. திரையில் சுவர்கள் எழுந்தன, படிகள் ஏறின, கதவுகள் முளைத்தன. அப்படி ஒரு வேகத்தை அந்த ஆபீஸ் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு அடியையும்தான்.

மத்தியானம் கரடி லேசாகக் கண்ணயர்ந்தான். ஆமையோ அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "அண்ணே, எந்திரிங்கண்ணே!"

"பயத்துல பயலுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மணி நாலு. ஆமையின் விரல்கள் ஒவ்வொன்றும் வாழைக்காய் போல வீங்கிவிட்டன. மவுஸின் மேல் ரத்தம் சொட்டியது. கரடி ஸ்கேலை மறுபடி ஓங்கினான்.

அக்கா எழுந்தாள். மூலையில் நின்ற பிரிண்டர் பேப்பர் ரோலை, ஆளுயரத்துக்கு இருக்கும், கதாயுதம் போலத் தோளில் தூக்கினாள்.

"என் தம்பியையாடா தொட்டே?"

முதல் வீச்சு பிடரியில். இரண்டாவது முகத்தில். கரடியின் பற்களில் ஒன்று பறந்துபோய் பிரிண்டருக்குள் விழுந்தது, இன்றுவரை கிடைக்கவில்லை. ஆபீஸில் இருந்த மற்ற நாலு பேரும் ஸ்டூல், ஸ்டேப்லர், குப்பைக்கூடை என்று கைக்கு வந்ததோடு பாய்ந்தார்கள். கணக்குப் பார்க்கும் பெரியவர் கரடியின் முழங்காலைக் கடித்ததாகக் கேள்வி.

"யம்மா, நான் சொல்றதை..." என்று ஆரம்பித்த கரடியின் வாயில் குப்பைக்கூடை கவிழ்ந்தது. தரை அதிர மல்லாந்தான். அப்புறம் அசையவில்லை.

அக்கா மூச்சு வாங்க, ரத்தம் தெறித்த ரோலை ஊன்றிக்கொண்டு நின்றாள். "இனிமே உன் மேல ஒரு அடி விழாது தம்பி. நீ நிம்மதியா வேலையைப் பாரு."

ஆமை கடிகாரத்தைப் பார்த்தான். கீழே கிடந்த கரடியைப் பார்த்தான். வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.

"கெடுத்தீங்களேக்கா! கை மேல போனா அடிங்கன்னு அவர் கால்ல விழுந்து கூட்டிட்டு வந்தவனே நான்தான்! இன்னும் ஆறு ஷீட் பாக்கி இருக்கே... இனி என்னை யாருக்கா அடிப்பா?"