கள்ளுப்பானைக்குக் கடைசி ஊர்வலம்

“இன்னிக்கும் குடிச்சிட்டு வந்தீங்கன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க.”

காலையில் மீனம்மாள் சொன்னதற்கு அவள் புருஷன் ரத்தினவேல் தலையை மட்டும் ஆட்டினான். பொழுது சாயப்போகிறது, ஆளைக் காணோம். மாற்றுச் சேலைகளை மூட்டை கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே கள்ளுக்கடைக்கே கிளம்பிவிட்டாள்.

மகாராஜா ஆட்சி போனது. பின்னாலேயே கள்ளும் போகிறது. விடிந்தால் மதுவிலக்கு. “இருக்குறது பூரா இன்னிக்கே தீரணும், எல்லாரும் வாங்க” என்று கடைக்கார ஆவுடையப்பன் தமுக்கடித்ததில், திருவரங்குளத்துக்கு வெளியே அந்தத் தோப்பில் தேர்க்கூட்டம்.

ஏற்பாடுதான் ஒன்றும் சரியில்லை. குடிக்கிற ஓலைப்பட்டை மத்தியானமே தீர்ந்துபோய், ஒருவன் செருப்பைக் கழுவிக்கொண்டு நின்றான். கள்ளுப்பானையைப் பாடையில் வைத்து ஊர்வலம் விடுவதாகத் திட்டம். பாடை தயார். தூக்க வேண்டிய நாலு பேரும் அதன் பக்கத்திலேயே படுத்துவிட்டார்கள். மேளக்காரர் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தபடியே சாவுக்கொட்டு கொட்டினார்.

“ஆத்தா, பொம்பளைக்கு இங்கிட்டு என்ன வேலை?”

“என் வேலை அங்கிட்டு உட்காந்திருக்கு. வழியை விடு.”

தோப்பின் கோடியில் ஒரு தென்னையடியில் ரத்தினவேல். கையில் நிரம்பிய பட்டை. பின்னால் எவனோ ஒருத்தன், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தான்.

“ஊருக்கெல்லாம் தீந்துபோன பட்டை ஒங்களுக்கு மட்டும் கெடைக்குதாக்கும். எங்கண்ணனும் ஆம்பளைதானே? ராத்திரி வயக்காட்டுக் காவல் உண்டு, அவரு உண்டுன்னு இருக்காரு. இந்தப் பக்கம் ஒருநாளாவது தலைவச்சுப் படுத்திருப்பாரா?”

ரத்தினவேல் கொஞ்சம் நகர்ந்து, படுத்திருந்தவனை மறைத்துக்கொண்டான்.

அவள் பின்னாலேயே வந்த ஆவுடையப்பனுக்குத்தான் பொறுக்கவில்லை. “தங்கச்சி, அதை வாயில வச்சுப் பாத்துட்டுப் பேசும்மா.”

“நீங்க சும்மா இருங்க” என்றான் ரத்தினவேல்.

மீனம்மாள் பட்டையைப் பிடுங்கினாள். ஆத்திரத்தில் ஒரு வாய் குடித்தே விட்டாள். தித்தித்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர்.

“இவருக்குன்னு தெனமும் தனிக் கலயம். கள்ளைத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டாரு.”

“பொய் சொல்லாதீங்க. தெனமும் துண்டெல்லாம் கள்ளு நாத்தம். தொவைக்கிறவ நான்.”

“குடிச்சவனைத் தோள்ல சாச்சுக் கூட்டிட்டுப் போனா நாறாம என்ன செய்யும்? இவரு மட்டும் தொணைக்கு வரலேன்னா, இந்தப் படுத்துக் கெடக்குற மனுசன் போன ஐப்பசியிலேயே கம்மாயில மெதந்திருப்பாரு.”

மீனம்மாள் குனிந்து, கிடந்தவன் முகத்துத் துண்டை விலக்கினாள். பார்த்தாள். வேறு யார் கண்ணிலும் படுமுன் மறுபடி மூடினாள்.

புருஷன் பக்கம் திரும்பினாள்.

“இத்தனை நாளா நான் திட்டுறப்பல்லாம் ஏங்க வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?”

“கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு ஒனக்கு ஒரு வீடு இருக்கட்டுமேன்னுதான்.”

மீனம்மாள் இடுப்பிலிருந்த சேலை மூட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“கல்லும் மண்ணுமாக் கெடக்கு. எங்கண்ணன் தலைக்கு இதை வச்சு விடுங்க.”