வெரோனி வீட்டு வாசலில் நிற்கும் கார்

“வண்டிக்குக் கண்ணு இருக்கா என்ன, வீடு பாத்து நிக்கதுக்கு?”

“பெட்ரோல் ஏறலட்டி. அதுக்கு நான் என்ன செய்ய?”

“இந்த ஊர்ல எத்தன தெரு கிடக்கு! வெரோனி வீட்டு வாசல்ல மட்டுந்தான் ஏறாதோ?”

பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயை மூடினார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை தெளிவாகக் கேட்க வேண்டாமா?

கார் பழசு. மூன்று கை மாறி அவள் புருஷன் கைக்கு வந்தது. வாங்கிய மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதற்கு என்னவோ ஆனது. பூசை முடிந்து மீன் வாங்கப் போகிற வழியில், வெரோனி வீட்டு முன்னால் நிற்கும்.

அவன் இறங்குவான். பானெட்டைத் தூக்குவான். பெட்ரோல் பம்பு சூடாகிவிட்டதாம். ஈரத்துணி சுற்றினால் ஆறுமாம்.

ஈரத்துணிக்குத் தண்ணீர் வேண்டும்.

தண்ணீருக்கு ஒரு ஆள் வேண்டும்.

வெரோனி கொண்டுவந்தாள். செம்பில்.

செம்பில் என்பதையும் தெருக்காரர்கள் மறக்காமல் பெண்டாட்டியிடம் வந்து சொன்னார்கள். பிளாஸ்டிக் வாளி என்றால் ஒருவேளை விட்டிருப்பார்கள்.

வெரோனி, அவனுக்கு முதலில் பேசிய பெண். கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முந்தின வாரம் முறிந்துபோன சம்பந்தம். அதற்குப் பிறகு வந்த எந்த மாப்பிள்ளைக்கும் வெரோனி தலையாட்டவில்லை.

ஊரில் எந்தப் பெண்டாட்டியும் வேண்டாத ஒன்றை இவன் பெண்டாட்டி வேண்டிக்கொண்டாள்.

மாதாவே, வண்டி நிஜமாகவே கெட்டுப்போயிருக்க வேண்டும்.

மெக்கானிக் கஸ்பார் அண்ணன் வீட்டுக்கே வந்தார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அவள் டீயோடு பக்கத்திலேயே நின்றாள்.

கார்புரேட்டரில் அழுக்கு இல்லை.

ஃபில்டரில் கொஞ்சம் துரு.

“கொஞ்சந்தானா? நல்லா பாருங்கண்ணே.”

டேங்கில் தண்ணீர் இறங்கவில்லை. பம்பு துடிப்பாக அடித்தது. ஒவ்வொரு நல்ல சேதிக்கும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் வாடியது. வண்டிக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டு இப்படிச் சாம்புகிற முகத்தைக் கஸ்பார் அண்ணன் தொழிலில் கண்டதில்லை.

மிச்சம் இருந்தது டேங்க் மூடி.

அதில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்குமாம், காற்று உள்ளே போக. அது அடைத்துக்கொண்டால் டேங்க் பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்ளுமாம். நிற்கிற வண்டியில் பார்த்தால் தெரியாது. ஓடி நிற்கும்போதுதான் தெரியும்.

“நின்ன உடனே மூடியத் திறம்மா. புஸ்ஸுன்னு காத்து இழுக்கிற சத்தம் கேட்டுச்சுன்னா, குத்தம் மூடிலதான். கேக்கலன்னா...”

ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். நல்ல மனுஷன். மிச்சத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்.

புருஷனிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அவளும் காரில் ஏறினாள்.

இத்தனை வாரம் நின்ற வண்டி, பெண்டாட்டி ஏறிய அன்றைக்கு நிற்காமல் போனால் அதற்கு என்ன அர்த்தம்? நின்றால்தான் என்ன அர்த்தம்? அவளுக்கு இரண்டும் பயமாக இருந்தது. அவனுக்கும் அப்படித்தான் போல. ஸ்டியரிங்கில் விரல்கள் சும்மா இருக்கவில்லை.

ஐஸ் பேக்டரி தாண்டியது.

குருசடி தாண்டியது.

வெரோனி வீடு.

நின்றது. ஓர் உதறல்கூட இல்லாமல்.

அவன் முன்னால் பானெட்டைத் திறக்கப் போனான். அவள் பின்னால் போனாள்.

எதிர் மாடியில் தலைகள் முளைத்தன. மீன் பையோடு போனவர்கள், மீன் நாறினாலும் பரவாயில்லை என்று நின்றுவிட்டார்கள். வாசலில் வெரோனி. கையில் செம்பு. பழக்கம் யாரை விட்டது.

“அங்க என்னட்டி செய்யுத?”

“மூடி ஓட்ட அடச்சிருக்கும்னு கஸ்பார் அண்ணன் சொன்னாவ. திறந்தா சத்தம் கேக்குமாம்.”

பானெட்டைத் தூக்கிய அவன் கை அப்படியே நின்றது.

அவள் குனிந்தாள். காதைக் கொடுத்தாள்.

திருகினாள்.

இன்னும் கொஞ்சம்.

மூடி கையோடு வந்துவிட்டது.

பெட்ரோல் வாசம் மட்டும் வந்தது. பின்னால், தூரத்தில், ஒரு காக்கை.

தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. இவ்வளவு தூரத்தில் யாருக்கு என்ன கேட்டுவிடும்? கேட்க வேண்டியவள் ஒருத்திதான்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை, அவன் திரும்பும்வரை.

பிறகு மாடிக்கும் சேர்த்துச் சொன்னாள்.

“கேட்டுச்சு. யம்மா, என்னா இழுப்பு! மூடிதான்.”

மாடித் தலைகள் ஏமாந்து உள்ளே போயின.

அவன் பானெட்டை மூடினான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே கிளம்பியது. வெரோனி செம்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு வண்டி அங்கே நிற்கவில்லை.

ஈஸ்டர் கழிந்து வெரோனிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. மும்பையில் குடித்தனம். விருந்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் நடந்தே போய், முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு நடந்தே வந்தார்கள்.

மழைக்காலத்துக்கு முன்னால் காரை விற்றார்கள். வாங்கியவர் பழையகாயல்காரர். போகிற இடமெல்லாம் அவருக்கு அந்தப் பேச்சுதான். என்ன வண்டி, என்ன வண்டி! டேங்க் மூடியைக்கூட இன்னும் மாற்றவில்லை, அதே பழசுதான், ஒரு நாள் வழியில் நின்றதில்லை.

தெரு முழுக்க இது தெரியும்.

அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. பாவம், தாங்க மாட்டாள் என்று.