இருட்டினால் வராதவன்

"உங்க ஊர்ல ராத்திரின்னு ஒண்ணு உண்டா, இல்ல அஞ்சரை மணியோட ஊரையே இழுத்து மூடிடுவீங்களா?"

உதயசூரியன் கேட்டதும் ஆசிரியர் அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவனே சிரித்துக்கொண்டான்.

ராயபுரத்துக்காரன். யாங்கூனில், இன்சீன் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தர வந்து இரண்டு மாதமாகிறது. பள்ளிக்கூடமே அறை கொடுத்திருந்தது. பொழுது சாய்ந்தால் டாக்சி பிடித்து டவுனுக்குப் போய்விடுவான். சூலே பக்கம் ஒரு நாள், சைனா டவுன் ஒரு நாள். மறுநாள் காலையில் எல்லோருக்கும் தீர்ப்பு வாசிப்பான்.

"மொஹிங்காவாம்! மீன் குழம்புல சேமியாவைத் தவறிப் போட்ட மாதிரி இருக்கு."

"தேயிலைய ஊற வெச்சு சாலட் பண்றாங்க. டீ போடத் தெரியாதவன் கண்டுபிடிச்சிருப்பான்."

"எங்க ஊர் பீச் ஸ்டேஷன்கிட்ட எங்காளு தள்ளுவண்டியில விக்கிற அத்தோ நூடுல்ஸ் முன்னாடி இந்த நூடுல்ஸ் எல்லாம் நிக்குமா? பர்மாக்காரனுக்கு நாங்க வந்து கத்துக் கொடுக்கணும்."

சாப்பாட்டைவிட அவன் வாயில் அதிகம் அரைபட்டது நரேஷ்தான்.

நரேஷ் கணக்கு வாத்தியார். இருபத்தாறு வயது. அப்பா வழி தமிழ், அம்மா பர்மியர். தமிழ் கொஞ்சம் திக்கித் திக்கித்தான் வரும். கடைசி மணி அடித்ததும் பையைத் தோளில் மாட்டிவிடுவான்.

"நரேஷ், வாய்யா, பத்தொன்பதாம் தெருவுக்குப் போலாம். பீர், சுட்ட மீன். என் செலவு."

"இல்ல சயா, நீங்க போய் வாங்க." அங்கே வாத்தியாரை சயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கல்யாணமாகி ஆறு மாசமாச்சு. இன்னும் மயக்கம் தெளியலையா?"

நரேஷ் சிரித்து மழுப்பினான். "ஞாயித்துக்கிழமை பகல்ல வீட்டுக்கு வாங்க சயா. மஞ்சுளா நல்லா சமைக்கும்."

"பகல்ல சாப்பிடவா கடல் தாண்டி வந்தேன்?"

"விடுங்க சயா" என்றார் சத்யபாமா டீச்சர். "அவங்கவங்க கஷ்டம் அவங்கவங்களுக்கு."

"என்ன டீச்சர் கஷ்டம்? ஒண்ணு கஞ்சத்தனம், இல்லேன்னா பொண்டாட்டி மேல பயம்."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலை பத்தொன்பதாம் தெருவில் உதயசூரியன் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் நடுவயது ஆட்கள், பெண்கள், இரண்டு வெள்ளைக்காரர்கள்.

'இந்த ஊர் இளவட்டம் எல்லாமே நரேஷ் மாதிரி முந்தானையைப் பிடிச்சவனுங்க போல' என்று நினைத்துக்கொண்டான். நண்டு, கணவாய், பன்றிக் குடல், அதன் மேல் பீர்.

எது ஒத்துக்கொள்ளவில்லையோ, எட்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். வாந்தி நிற்கவில்லை. மழை வேறு. கரண்ட்டும் போய்விட்டது. அவன் கோலத்தைப் பார்த்து டாக்சிகள் வேகமெடுத்துப் போயின. யாரிடமும் ஒரு வார்த்தை பேச பாஷை தெரியாது. முதல் முறையாகப் பயம் வந்தது.

நரேஷுக்கு போன் போட்டான்.

"குடலை யாரோ முறுக்கிப் பிழியற மாதிரி இருக்குய்யா. டாக்சிக்காரன் ஒருத்தனும் ஏத்த மாட்டேங்கிறான்."

"டிரைவர்கிட்ட போனைக் குடுங்க சயா, நான் பேசுறேன்."

"எவனாவது நின்னாத்தானே குடுக்க! உன்னால வர முடியுமா, முடியாதா? இதுக்கும் பொண்டாட்டிகிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் பர்மிய மொழியில் படபடவென்று ஏதோ சொல்வது கேட்டது.

"அங்கேயே இருங்க சயா. வாரேன்."

வந்தான். அழைத்து வந்த டாக்சியை நிறுத்திவைத்து, உதயசூரியனை அணைத்துத் தூக்கி ஏற்றினான். மருந்துக் கடையில் மாத்திரையும் உப்புக்கரைசலும் வாங்கினான். பாதி வழியில் மாத்திரை வேலை செய்ய, உதயசூரியனுக்குப் பழைய வாய் திரும்பியது. நரேஷ் தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டு, சீட்டில் சரிந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா, கடன்காரனுக்குப் பயந்த மாதிரி பதுங்குற? வெளிய வந்துட்ட, வானம் இடிஞ்சா விழுந்துடுச்சு?"

பள்ளி வந்ததும் நரேஷ் அவனை அறையில் படுக்க வைத்து, தலைமாட்டில் தண்ணீர் வைத்தான்.

"கதவைப் பூட்டிக்கோங்க சயா."

மறுநாள் காலை நரேஷின் நாற்காலி காலியாக இருந்தது. உதயசூரியன் தெளிந்துவிட்டான்.

"பாத்தீங்களா! ஒரே ஒரு நாள் வெளிய வந்ததுக்கு ஆளு லீவு. மழைத்தண்ணி பட்டா கரைஞ்சுபோற ஆம்பளை!"

யாரும் நிமிரவில்லை. சத்யபாமா டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

"இதை இங்க யாரும் சத்தமாப் பேசுறதில்ல சயா. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறாங்க. அவன் வயசுப் பசங்க இருட்டினப்புறம் தெருவுல கால் வைக்க மாட்டாங்க."

உதயசூரியனின் சிரிப்பு அப்படியே நின்றது.

"நேத்து உங்களை விட்டுட்டு, வீடு ரெண்டு தெரு தள்ளித்தானேன்னு டாக்சியை அனுப்பிட்டு நடந்திருக்கான். தெருமுனையில பட்டாள லாரி நின்னுருக்கு. ஏத்திட்டாங்க."

"டீச்சர்... எனக்கு..."

"போக வேணாம்னு மஞ்சுளா கால்ல விழுந்துச்சாம். 'பாஷை தெரியாத ஊர்ல ஒத்தை ஆளா நிக்கிறாரு, நம்மளை விட்டா அவருக்கு இங்க யாரு'ன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினானாம்."