சாய்ந்த தட்டி

சோச்சிமில்கோ கால்வாயில் காலை வெயில் பாசிமேல் படுத்திருக்கிறது. திலாப்பியா மீன் நுழையாமலிருக்க ஹசிந்தா கட்டிய நாணல் தட்டி சாய்ந்து கிடக்கிறது. நேற்று கீரைத்தோணி போவதற்காக அதை நீக்கிய கொழுந்தன் எலீஹியோ, திரும்ப நிறுத்த மறந்துவிட்டான். அவள் வலையை இழுக்கிறாள். இறகுபோல் செவுள் விரித்து, சாகும்வரை கரையேறாத, அவள் காத்துவந்த நீர்ப்பல்லியான அசோலோட்டல் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் துள்ளுகிற திலாப்பியா. “விடுங்க அண்ணி, சோளத்தோல்ல சுத்திச் சுட்டுத் தின்னுடுவோம்,” என்று இளிக்கிறான் எலீஹியோ. “வாயில நல்லா வந்துரும். எப்படிப் பொத்திப் பொத்திப் பாத்தேன்டா!” என்று சீறியபடி ஹசிந்தா பெரிய மீனொன்றின் வயிற்றைக் கீறுகிறாள். நேற்றுவரை நீர்ச்செடித் தண்டுகளில் ஒட்டியிருந்த அசோலோட்டல் முட்டைகள், கண்ணாடிக் கூழுக்குள் கரும்புள்ளிகளாக அவள் உள்ளங்கையில் வழிகின்றன. எலீஹியோ தண்ணீரில் இறங்கித் தட்டியை நிமிர்த்துகிறான். “இப்ப யாருக்குடா அது?”